எல்லைக்கு உட்பட்ட விரிசல்

ரயில் பெட்டிக்கு அடியில், இரண்டு சக்கரங்களைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஒரு தடித்த இரும்புத் தண்டு இருக்கிறது. அதற்குப் பெயர் அச்சு. பயணிகள் யாரும் அதைப் பார்த்ததில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. பார்ப்பதற்கென்றே அச்சுப் பாதுகாப்புத் துறை என்று ஒன்று இருக்கிறது. மூன்று மாடி, நூற்று அறுபது பேர், நான்கு குளிர்சாதன அறைகள். இவர்களில் அச்சை நிஜமாகவே பார்க்கிறவர் ஒருவர்தான். மற்ற நூற்று ஐம்பத்தொன்பது பேரும் அவர் பார்த்ததைப் பார்க்கிறவர்கள்.

அந்த ஒருவரை எல்லோரும் டெஸ்டர் என்று கூப்பிட்டார்கள். கம்பியில் மின்சாரம் வருகிறதா என்று தொட்டுப் பார்க்கும் குட்டி ஸ்க்ரூடிரைவருக்கும் அதே பெயர்தான். துறையில் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே மரியாதை. அச்சின் முனையில் இருக்கும் மூடியைக் கழற்றி, துடைத்து, கிரீஸ் தடவி, தீப்பெட்டி அளவுள்ள ஒரு கட்டையை அதில் வைத்து அழுத்துவது அவர் வேலை. கட்டையிலிருந்து காதுக்குக் கேட்காத ஒலி அச்சுக்குள் போய்த் திரும்பி வரும். அச்சு நல்லதாக இருந்தால் திரையில் கோடு சும்மா கிடக்கும். விரிசல் இருந்தால் கோட்டின் நடுவில் ஒரு முள் கிளம்பும். பதினெட்டு வருடமாக முட்டி போட்டு உட்கார்ந்து முள்ளைத் தேடியதில் அவருடைய முட்டி இரண்டும் தேய்ந்திருந்தன. அதற்கு மருத்துவ விடுப்பு கேட்டபோது, முட்டித் தேய்மானம் அனுமதிக்கப்பட்ட அளவுக்குள்தான் இருக்கிறது என்று பதில் வந்தது.

இரும்புக்கும் அலுப்பு உண்டு. ஓடுகிற அச்சு ஒவ்வொரு சுற்றிலும் ஒரு தடவை இப்படியும் ஒரு தடவை அப்படியும் வளைகிறது. கண்ணுக்குத் தெரியாத வளைவுதான். கோடிக் கணக்கில் வளைந்த பிறகு எங்கோ ஓரிடத்தில் மயிரிழை போல ஒரு விரிசல் விழும். விழுந்தது வளரும், வளர்ந்து ஒரு நாள் உடைந்தே போகும். விவரம் தெரிந்த சிலர் இதைப் பற்றி உட்கார்ந்து யோசித்தார்கள். விரிசலே வராது என்று நம்பிக்கொண்டிருப்பதைவிட, வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். எவ்வளவு வேகத்தில் வளரும் என்று கணக்குப் போடுவோம். உடைவதற்குள் இரண்டு மூன்று தடவையாவது கண்ணில் படும்படி அடிக்கடி பார்ப்போம். எல்லையைத் தொட்டால் கழற்றிவிடுவோம் என்றார்கள். இதற்குச் சேதம் பொறுத்தல் என்று பெயர். யோசனையில் ஒரு குறையும் கிடையாது. அதை நடத்த ஒரு துறை அமைத்தார்கள், அவ்வளவுதான்.

ஒரு திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு, பெட்டி கழுவும் கொட்டகையில், மூன்றாவது பெட்டியின் இரண்டாவது அச்சில் முள் கிளம்பியது. டெஸ்டர் கட்டையை எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். மறுபடி கிளம்பியது. மூன்று மில்லிமீட்டர். சக்கரம் இறுகப் பொருந்தியிருக்கிற இடத்துக்குப் பக்கத்தில், விரிசல்கள் வழக்கமாகக் குடியேறும் பேட்டையில். முனையில் பொறித்திருந்த எண்ணைக் குறித்துக்கொண்டார்: 7719. அப்புறம்தான் அவருக்கு இன்னொன்று உறைத்தது. இது ஏழு நாற்பது வண்டி. அவர் மனைவி தினமும் வேலைக்குப் போகிற வண்டி. இறங்கும் இடத்தில் படிக்கட்டுக்கு நேராக மூன்றாவது பெட்டிதான் நிற்கும் என்பதால் அவள் எப்போதும் அதில்தான் ஏறுவாள்.

கையைக்கூடக் கழுவாமல் பிரிவுத் தலைவர் அறைக்கு ஓடினார்.

"சார், ஏழு நாப்பது வண்டியில ஒரு அச்சுல விரிசல். மூணு மில்லி இருக்கு."

பிரிவுத் தலைவர் முகம் மலர்ந்தது. "அடேடே, உக்காருங்க. வாழ்த்துகள்! இந்த மாசத்துக்கு இன்னும் ஒண்ணுகூடப் பதிவாகலையேன்னு இப்பத்தான் கவலைப்பட்டுட்டிருந்தேன்."

"கழட்டிடலாமா சார்?"

"எதை?"

"அச்சை."

"எதுக்குக் கழட்டணும்? எல்லை அஞ்சு மில்லி. இருக்கிறது மூணு. இன்னும் ரெண்டு மில்லி பாக்கி இருக்கே! நல்லா இருக்கிற விரிசலைப் போய்க் கழட்டலாமாங்கறீங்க." அவர் அலமாரியைத் திறந்து படிவத்தை எடுத்தார். "தெரியாத விரிசல்தான்யா ஆபத்து. இதை நீங்க பதிஞ்சுட்டா இது நமக்குத் தெரிஞ்ச விரிசல். தெரிஞ்சதுகிட்ட என்ன பயம்?"

படிவத்தில் முப்பத்திரண்டு கேள்விகள் இருந்தன. விரிசல் தோன்றிய தேதி, நேரம். அப்போது பணியில் இருந்தவர் யார்? விரிசல் ஏற்பட்டதன் நோக்கம் என்ன? இதே அச்சில் முன்பு வேறு விரிசல் இருந்து, இப்போது இல்லையென்றால், அது எங்கே போயிற்று? டெஸ்டர் எல்லாவற்றுக்கும் 'தெரியாது' என்று எழுதினார். அனுமதிக்கப்பட்ட பதில்களில் 'தெரியாது' இல்லை என்று படிவம் திரும்பி வந்தது. 'பொருந்தாது' என்று மாற்றினார். உடனே ஏற்றுக்கொண்டார்கள். விரிசலுக்கு ஒரு பதிவு எண்ணும் வளர்ச்சி அட்டவணையும் வழங்கப்பட்டன. மூன்று மாதத்தில் அது மூன்றே கால் மில்லிமீட்டருக்கு வளர வேண்டும். அதுவரை அதை யாரும் தொந்தரவு செய்யக் கூடாது.

வீட்டுக்குப் போனதும் மனைவியிடம், "நாளையிலிருந்து மூணாவது பெட்டியில ஏறாதே" என்றார்.

"ஏன்?"

"ஆபீஸ் விஷயம். ஆறாவது பெட்டியில ஏறு."

அவள் ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைப் பிரிவில் மேற்பார்வையாளர். படுக்கை விரிப்பு ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நைந்திருந்தால் தூக்கிப் போடுவது அவள் வேலை. அதற்குப் படிவம் எதுவும் கிடையாது. புருஷனை ஒரு நிமிடம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "மூணாவது கவுந்தா ஆறாவது மட்டும் தண்டவாளத்துலயே நிக்குமா?" என்றாள். அவர் தட்டை நகர்த்தி வைத்தார். சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்தார். முடியவில்லை. பெட்டி கழுவ வந்த ஒரு நாள், யாரும் சொல்லாமல், தானாகவே மூடியைக் கழற்றிக் கட்டையை வைத்தார். நாலு புள்ளி ஒன்று. மூன்று மாதத்தில் கால் மில்லி வளர வேண்டியது, பதினான்கு நாளில் ஒரு மில்லிக்கு மேல் வளர்ந்திருந்தது.

பிரிவுத் தலைவர் இந்தத் தடவை உட்காரச் சொல்லவில்லை. "யாரு உங்களைப் பாக்கச் சொன்னது?"

"மனசு கேக்கல சார்."

"மனசு எந்த அட்டவணையில இருக்கு? காட்டுங்க பாப்போம். தேதிக்கு முன்னாடி பாத்தா அது பாத்ததாவே ஆகாது. நீங்க பாக்கலைன்னா அது வளரவும் இல்ல."

"ஆனா நாலு புள்ளி ஒண்ணு இருக்கே சார்."

"இருக்கலாம். அப்படி இருந்தா தப்பு யாரு மேல? அட்டவணை போட்டது பெரிய பெரிய ஆளுங்க. அவங்க போட்டபடி அது வளரலைன்னா, நடவடிக்கை எடுக்க வேண்டியது விரிசல் மேலதான்."

டெஸ்டர் இதை வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துக்கொண்டு படியிறங்கினார். அடுத்த வியாழக்கிழமை சேதம் பொறுத்தல் கமிட்டி கூடியபோதுதான் பிரிவுத் தலைவர் வேடிக்கையாகச் சொல்லவில்லை என்று தெரிந்தது.

கமிட்டியில் ஒன்பது பேர். தலைவர் துறையின் இயக்குநர். அச்சைப் பற்றி இருபது வருடம் பேசியவர். ஒரு தடவை நேரில் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, கொட்டகையில் எண்ணெய் வழுக்குகிறது என்று கேள்விப்பட்டு விட்டுவிட்டவர். டெஸ்டர் மூலையில் நின்றார். அவருக்கு நாற்காலி போடுவது பற்றிய கடிதம் போன வருடத்திலிருந்தே நிலுவையில் இருந்தது.

இயக்குநர் தொண்டையைச் செருமினார். "நண்பர்களே, நம்ம துறை பொறுமைக்குப் பேர் போனது. ஒரு விரிசலைப் பாத்தவுடனே பதறிக் கழட்டுறது யாராலயும் முடியும். ஒரு விவரமும் தெரியாதவன்கூடக் கழட்டிடுவான். கழட்டாம இருக்கிறதுக்குத்தான் படிப்பு வேணும். அந்தப் படிப்பு நம்மகிட்ட இருக்கு. இந்தக் குறிப்பிட்ட விரிசல் கொஞ்சம் அவசரப்படுது. நாமளும் அவசரப்பட்டா நமக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்?"

மேஜையைத் தட்டினார்கள். அட்டவணையை மீறியது ஏன் என்று பதினைந்து நாளில் விளக்கமளிக்கும்படி விரிசலுக்கு நோட்டீஸ் அனுப்ப முடிவானது. நோட்டீஸை பிளாஸ்டிக் உறையில் போட்டு, கம்பியால் அச்சில் கட்டினார்கள். பெற்றுக்கொண்டதற்கு விரிசல் சார்பில் டெஸ்டர் கையெழுத்துப் போட்டார். இரண்டாம் நாள் உறை பிய்த்துக்கொண்டு பறந்தது. பாதையைச் சரிபார்த்துக்கொண்டு நடந்து வந்த தொழிலாளி ஒருவர் அதைப் பொறுக்கிக் கொண்டுவந்து கொடுத்தார். 'பெறுநர் வாங்க மறுத்தார்' என்று கோப்பில் எழுதிக்கொண்டார்கள்.

விரிசல் ஐந்தைத் தாண்டியது. கமிட்டி எல்லையை எட்டாக உயர்த்தியது. எல்லை எட்டானதும், எல்லையைத் தாண்டாத விரிசல் என்ற முறையில் 7719-க்கு மறுபடியும் 'பாதுகாப்பானது' என்ற பச்சை முத்திரை விழுந்தது. அந்த மாதமே, பத்து வருடமாக ஒரு விரிசல்கூட எல்லையை மீறாத சாதனைக்காகத் துறைக்கு ஒரு கேடயம் கிடைத்தது. விழா நடந்தது. கேடயத்தை வாங்கிக்கொண்டு இயக்குநர் மைக்கில் சொன்னார்: "எப்படி இது சாத்தியம்னு வெளிநாட்டுக்காரங்ககூடக் கேக்கறாங்க. ரகசியம் ஒண்ணும் இல்ல. விரிசல் எங்க போகுதோ, நாங்களும் கூடவே போறோம்." பின்வரிசையில் உட்கார்ந்திருந்த டெஸ்டருக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. முட்டி வலித்தது. எப்போது வீட்டுக்குப் போகலாம் என்று இருந்தது.

இதற்குள் ஒன்று நடந்துகொண்டிருந்தது. அதை முதலில் கவனித்தவள் அவர் மனைவிதான்.

"என்னங்க, உங்க பிரிவுத் தலைவரோட சம்சாரம் இப்பல்லாம் பஸ்ல போறாங்க" என்றாள் ஒரு நாள். அடுத்த வாரம், "உங்க டைப்பிஸ்ட் அக்காவோட மருமகளும் பஸ்தான். ரெண்டு பஸ் மாறணும், ஒரு மணி நேரம் கூட ஆகுது, ஆனாலும் பஸ்" என்றாள். அதற்கடுத்த வாரம், "இயக்குநரோட மச்சான் ஸ்கூட்டர் வாங்கிட்டாராம். உங்க ஆபீஸ்ல யார் வீட்டு ஆளும் இப்ப ஏழு நாப்பதுல இல்ல. என்னைத் தவிர" என்றாள்.

கோப்பு மேஜை மேஜையாகப் போயிருந்தது. ஒவ்வொரு மேஜையிலும் 'பாதுகாப்பானது' என்று கையெழுத்துப் போட்டவர், போட்ட கையோடு வீட்டுக்கு போன் பண்ணியிருக்கிறார். வீட்டுக்காரர்கள் அக்கம்பக்கத்தாரிடம் சொல்லாமலா இருப்பார்கள்? அவர்களும் விலகிக்கொண்டார்கள். என்ன காரணமோ, மூன்றாவது பெட்டி என்று குறிப்பாகத்தான் பேச்சு பரவியது. மூன்றாவது பெட்டி காலியாக ஓட ஆரம்பித்தது. உடனே கமிட்டி கூடியது. பெட்டியில் பாரம் குறைந்ததால் விரிசல் வளரும் வேகமும் கொஞ்சம் குறைந்திருப்பதாகவும், சேதம் பொறுத்தல் முறையின் வெற்றிக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை என்றும் தீர்மானம் போட்டார்கள். எல்லையைப் பன்னிரண்டாக்கினார்கள். வெற்றியைக் கொண்டாட வேண்டாமா?

காலிப் பெட்டி என்றால் ரொம்ப நாள் காலியாகவே இருக்குமா? விஷயம் தெரியாதவர்கள் ஓடி வந்து ஏறினார்கள்.

ஒரு சாயங்காலம் மனைவி வேலையிலிருந்து வந்து, பையைக்கூட இறக்காமல் நின்றாள். "இன்னிக்குக் காலையில ஏறும்போது பாத்தேன். மூணாவது பெட்டியில ஒரு பொண்ணு, மடியில ஒண்ணு தோள்ல ஒண்ணுன்னு ரெட்டைக் குழந்தை. காலுக்குக் கட்டுப் போட்ட ஒருத்தர் சீட்டுல காலை நீட்டிப் படுத்திருக்காரு. எங்க ஆஸ்பத்திரிக்குத்தான் வர்றாங்க. அந்தப் பொண்ணு என்னைப் பாத்து, 'அக்கா, இதுல ஏறுங்க, எப்பவும் இடம் இருக்கும், நம்ம அதிர்ஷ்டம்'னு கூப்பிடுறா."

டெஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நாளையிலிருந்து நானும் அதுலதான் ஏறுவேன்" என்றாள்.

"உனக்கென்ன பைத்தியமா? பதினொண்ணு இருக்குடீ அதுல!"

"அப்போ அவங்க மட்டும் ஏறலாமா? ஒரு கிழிஞ்ச விரிப்பை நான் ஒரு நோயாளிக்கு விரிச்சதில்ல. நீங்க ஏதாவது பண்ணுங்க. பண்ற வரைக்கும் நான் அதுலதான் போவேன்."

சொன்னபடி மறுநாள் போனாள். அதற்கு மறுநாளும் போனாள். காலை ஏழு நாற்பதிலிருந்து எட்டரை வரை டெஸ்டர் போனைக் கையில் பிடித்துக்கொண்டே நின்றார். அவள் போய்ச் சேர்ந்து போன் பண்ணும் வரை ஒரு வாய்த் தண்ணீர் இறங்கவில்லை. மூன்று கடிதங்கள் எழுதினார். முதல் கடிதத்துக்கு, தகுந்த வழியில் அனுப்பவும் என்று பதில் வந்தது. இரண்டாவது கடிதத்தைத் தகுந்த வழியில் அனுப்பினார். அந்த வழியில் பிரிவுத் தலைவர் விடுப்பில் இருந்தார். மூன்றாவது கடிதத்துக்கு, தங்கள் இரண்டாவது கடிதம் பரிசீலனையில் இருப்பதால் மூன்றாவதைப் பரிசீலிக்க இயலாது என்று பதில் வந்தது. அந்தப் பதிலை அவர் இரண்டு தடவை படித்தார். கோபப்படக்கூடத் தெம்பில்லாமல் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

மூன்றாவது வாரம் ஒரு நாள், கொட்டகையில் அவர் கண் முன்னாலேயே ஓர் அச்சைக் கழற்றினார்கள். சரக்கு வண்டி அச்சு. அவரே அதைப் போன வாரம் சோதித்திருந்தார். துளிக் குறை கிடையாது. ஆனால் முனையில் துருவேறி, பொறித்த எண்ணில் கடைசி இரண்டு இலக்கம் தெரியவில்லை. கொட்டகை ஃபோர்மேன் பார்த்தார், விசில் ஊதினார், ஆட்கள் ஓடி வந்தார்கள். நாற்பது நிமிடத்தில் சக்கரத்தோடு அச்சு வெளியே வந்து, பழைய இரும்புக் குவியலுக்குப் போய்விட்டது.

"ஏன் ஃபோர்மேன், நல்ல அச்சாச்சே?"

"நல்லதா இருந்தா என்ன, எண்ணு இல்லையே! எண்ணு இல்லாட்டி ஃபைல் இல்ல. ஃபைல் இல்லாட்டி, நாளைக்கு ஏதாவது ஆனா யாரு பொறுப்புன்னு எப்படித் தெரியும்? விரிசல்னா கமிட்டிக்குப் போகணும், அது நம்ம கையில இல்ல. எண்ணு இல்லைன்னா பாத்த நிமிஷமே கழட்டணும். யார் கையெழுத்தும் வேண்டாம்."

டெஸ்டர் குவியலுக்குப் போய், அந்த அச்சின் துருவேறிய முனையை விரலால் தடவிப் பார்த்துவிட்டு வந்தார்.

மறுநாள் ஏழு நாற்பது வண்டி கழுவ வந்தது. மதியம் ஒன்றேகால். எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். டெஸ்டர் மூன்றாவது பெட்டிக்கு அடியில் முட்டி போட்டு, இரண்டாவது அச்சின் மூடியைக் கழற்றினார். அன்று கிரீஸ் தடவவில்லை. கட்டையும் வைக்கவில்லை. தேய்க்கும் மெஷினை எடுத்து, பொறி பறக்க, 7719-ஐ ஒரு நிமிடத்தில் வழித்தெடுத்தார். பதினெட்டு வருடத்தில் ஓர் அச்சின் மேல் அவர் ஒரு கீறல் போட்டதில்லை. பிறகு ஃபோர்மேன் சாப்பிட்டு முடித்து வரும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

"ஃபோர்மேன், இதுல எண்ணைக் காணோம்."

ஃபோர்மேன் அச்சின் முனையைப் பார்த்தார். புதிதாகப் பளபளக்கும் இரும்பைப் பார்த்தார். டெஸ்டரின் சட்டையில் இருந்த இரும்புத் தூளையும் பார்த்தார். "ஆமா, காணோம்" என்று சொல்லிவிட்டு விசிலை எடுத்து ஊதினார். முப்பத்தைந்து நிமிடத்தில் வேலை முடிந்தது.

குவியலில் இறக்கும்போது கிரேன் சங்கிலி கொஞ்சம் நழுவியது. இடுப்பு உயரத்திலிருந்து அச்சு ஒரு பழைய தண்டவாளத்தின் மேல் விழுந்து இரண்டாக உடைந்தது. "என்னய்யா இது, பிஸ்கட் மாதிரி ஒடியுது!" என்று கிரேன்காரர் மேலிருந்து கத்தினார். எல்லோரும் ஓடிவந்து பார்த்தார்கள். உடைந்த முகத்தில் பாதி கறுத்து, வழவழவென்று, வரி வரியாகக் கோடோடு இருந்தது. அது மாதக் கணக்கில் மெல்ல மெல்ல விட்டுக்கொடுத்த பகுதி. சக்கரம் இறுக்கிப் பிடித்திருந்ததில் விரிசல் வாயை மூடிக்கொண்டு கிடந்ததால் கருவிக்கு அதில் ஓர் ஓரம்தான் தெரிந்திருக்கிறது. மீதிப் பாதிதான் சர்க்கரை கொட்டிய மாதிரி மின்னியது. இத்தனை நாளும் பெட்டியைத் தாங்கி ஓடியது அந்தப் பாதி மட்டும்தான். அன்று காலையும் அவர் மனைவி அதன் மேல் உட்கார்ந்துதான் வேலைக்குப் போயிருந்தாள். டெஸ்டர் அங்கேயே குவியல் மேல் உட்கார்ந்து, வெட்கமில்லாமல் அழுதார்.

விசாரணை மூன்றே நாளில் நடந்தது. துறையின் வரலாற்றில் அவ்வளவு வேகமாக எதுவும் நடந்ததில்லை. துறைச் சொத்தைச் சேதப்படுத்தியது குற்றம். இயக்குநர் நடுவில் உட்கார்ந்திருந்தார், பிரிவுத் தலைவர் வலப்பக்கம்.

"எவ்வளவு ஆழத்துக்குத் தேச்சீங்க?"

"அரை மில்லி இருக்கும் சார்."

"அரை மில்லி!" இயக்குநர் நாற்காலியில் சாய்ந்தார். "அரை மில்லிமீட்டர் சேதம்! எவ்வளவு அலட்சியமா சொல்றீங்க!"

"எல்லை பன்னெண்டு மில்லின்னு நீங்கதானே சார் வச்சீங்க?"

"அது தானா வந்த சேதத்துக்கு. இது மனுஷன் பண்ணினது. இதுக்கு எல்லை கிடையாது, மன்னிப்பும் கிடையாது."

"அச்சு ரெண்டா உடைஞ்சு போச்சு சார். நீங்களே வந்து பாக்கலாம்."

பிரிவுத் தலைவர் கோப்பைப் புரட்டினார். "உடைஞ்சது எண் இல்லாத அச்சு. நம்ம கோப்புல இருக்கிறது 7719. ரெண்டும் ஒண்ணுதான்னு எந்த ஆதாரமும் இல்ல. ஆதாரத்தை அழிச்சது நீங்கதான். எங்க கோப்புப்படி 7719 இன்னிக்கும் எல்லைக்குள்ள நல்லாத்தான் இருக்கு. எங்க இருக்குன்னுதான் தெரியல."

இயக்குநர் எழுந்து நின்று முடிவுரை சொன்னார். "7719-ஐ விட்டுட்டாலும் நம்ம துறையில இன்னிக்கு நாப்பது விரிசல் பதிவாகியிருக்கு. நாப்பதும் வெவ்வேற வண்டியில, வெவ்வேற பாதையில, கட்டுப்பாடா ஓடிட்டிருக்கு. ஒண்ணாவது விதியை மீறி எதையாவது அழிச்சிருக்கா? விரிசலுக்கு இருக்கிற ஒழுக்கம் நம்ம ஊழியருக்கு இல்லையேங்கறதுதான் என் வருத்தம்." மூன்று மாதம் தற்காலிகப் பணிநீக்கம் என்று தீர்ப்பானது. டெஸ்டர் வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

தாழ்வாரத்தில் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் யாரோ வந்து நின்றார்கள். இயக்குநர். குழாயைத் திறந்துவிட்டுக் கையை நனைக்காமல் நின்றார்.

"வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?"

"இருக்காங்க சார்."

இயக்குநர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, ஒரு சீட்டை டெஸ்டரின் சட்டைப் பையில் வைத்தார். "4052. ஆறு இருபது வண்டி. என் பொண்ணு வேலை மாறிட்டா, இனிமே அதுலதான் போகணும். அந்தப் பக்கம் பஸ்ஸும் கிடையாது."

டெஸ்டர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கமிட்டியில சொல்லிக் கழட்டச் சொல்லலாமே சார்?"

"கமிட்டித் தலைவர் நான்தானே? என்கிட்ட நானே எப்படிய்யா போய்ச் சொல்றது?"

"நான் பணிநீக்கத்துல இருக்கேன் சார். உள்ளேயே வரக் கூடாது."

"அதனாலதான் உங்ககிட்ட கேக்கறேன். வருகைப் பதிவேட்டுல நீங்க இல்ல. இல்லாத ஆள் எதையும் அழிக்க முடியாது, அப்படி அழிஞ்சா யார் மேலயும் குத்தமும் வராது. மதியம் ஒரு மணிக்கு வாங்க. கேட்ல ஆள் இருக்க மாட்டாங்க, நான் பாத்துக்கறேன்." குழாயை மூடிவிட்டுப் போய்விட்டார்.

படிக்கட்டில் பிரிவுத் தலைவர் நின்றிருந்தார். அவரிடம் இரண்டு சீட்டு இருந்தது. ஒன்று மகனுக்கு, ஒன்று தங்கைக்கு. வாசலில் டைப்பிஸ்ட் அக்கா, சைக்கிள் நிறுத்துமிடத்தில் கணக்குப் பிரிவு ஆட்கள். யாரும் விரிசல் என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. "ஞாபகம் வச்சுக்கோங்க" என்று மட்டும் சொன்னார்கள்.

வீட்டில் சட்டையைக் கழற்றும்போது சீட்டுகள் கொட்டின. மனைவி ஒவ்வொன்றாகப் பொறுக்கி மேஜையில் பரப்பினாள். அவர் நடந்ததைச் சொன்னார். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"மொத்தம் எத்தனை விரிசல்னாரு?"

"நாப்பது."

"இங்க பதினொண்ணுதானே இருக்கு?"

"ஆமா."

"மீதி இருபத்தொம்போது?"

டெஸ்டர் சீட்டுகளைப் பார்த்தார். ஆறு இருபது, எட்டு பத்து, ஒன்பதே கால், எல்லாம் ஊரின் நல்ல பக்கம் போகிற வண்டிகள். "அந்த வண்டியிலல்லாம் எங்க ஆபீஸ் ஆளுங்க யாரும் போகல" என்றார்.

அவள் எழுந்து போய் ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். அந்த இருபத்தொன்பதையும் முட்டி போட்டு உட்கார்ந்து கண்டுபிடித்தவர் அவர்தான். எண்கள் எல்லாம் மனப்பாடம். ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினார். எழுதி முடிக்கத் தாளின் இரண்டு பக்கமும் தேவைப்பட்டது.

மறுநாள் மதியம் ஒரு மணிக்குக் கேட்டில் யாரும் இல்லை. கொட்டகையில் இரண்டு வண்டிகள் நின்றன. ஒன்று இயக்குநர் மகளின் ஆறு இருபது. டெஸ்டர் அதைத் தாண்டிப் போய், ஆலைத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் ஓடும் மற்ற வண்டிக்கு அடியில் முட்டி போட்டார்.